பழைய பிக்கப்புக்குப் புதுத் தகடு: கேள்வி பதில்

பாம்பன் பக்கம் இருபத்திரண்டு வருடமாக டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். கடையில் கிடைக்காத பழைய ஜீப், பிக்கப் தகடுகளைக் கையால் அடித்துத் தருவதுதான் முக்கிய வேலை. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சிமடம்: அண்ணே, அப்பா மீன் ஏற்றிய பழைய மகிந்திரா பிக்கப். தொட்டித் தரை ஓட்டை விழுந்துவிட்டது. மேலே அலுமினிய செக்கர் பிளேட் போட்டு மூடலாமா?

வேண்டாம் தம்பி. ஐஸ் உருகின தண்ணீர் பிளேட்டுக்கு அடியில் இறங்கினால் காயவே காயாது. உப்புத் தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கிடந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். அப்படிப் போட்ட ஒரு பிளேட்டைப் போன வருடம் கழற்றினேன். அடியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, அதற்கும் கீழே தரை அப்பளமாய் நொறுங்கியது, விரலை வைத்து அழுத்தியதும் ரோடு தெரிந்தது.

சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், செத்த தகடு தொப்பென்று கேட்கும். கணீர் கேட்கிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டுங்கள். தரைக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தகடு போதும், ஆனால் பழைய தரையில் இருந்த வரிகளை பெண்டிங் மெஷினில் கொடுத்துப் போட்டே ஆகவேண்டும், வெறும் தட்டைத் தகடு வண்டி ஓடும்போது படபடவென்று அடித்து வெல்டிங்கைப் பிய்த்துவிடும். பின்பக்கம் லேசாகச் சரிவு வைத்து, இரண்டு மூலையிலும் சுண்டுவிரல் போகிற அளவுக்குத் தண்ணீர் ஓட்டை விடுங்கள். நம் கடற்கரையில் எந்தத் தகடு அடித்தாலும் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன், அழகெல்லாம் அதற்குப் பிறகு.

கீழக்கரை: மட்காட் வளைவைக் கையால் கொண்டுவர முடியுமா?

முடியும் பாய், அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். நல்லா இருக்கிற பக்கத்து மட்காட்டில் தினக் காலண்டர் அட்டையை வைத்து வளைவை வரைந்து வெட்டுங்கள். எதிர்ப் பக்கத்துக்கு அதே அட்டையைத் திருப்பிப் பிடித்தால் சரி. 18 கேஜ் தகடு எடுங்கள், 1.2 மி.மீ. இருக்கும். கறிக்கடையில் இருக்கிற மாதிரி ஒரு புளியங்கட்டையை வாங்கி, நடுவில் சோற்றுத் தட்டு அளவுக்குக் குழி செதுக்கிக்கொள்ளுங்கள். தகட்டை அதன்மேல் வைத்து, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி அடிக்கவேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் தகடு அங்கே மட்டும் மெலிந்து தொங்கிவிடும். ஓரத்தில் சுருக்கம் எழும்பும், அது மடிந்துவிடாமல் அவ்வப்போது தட்டி அமுக்குங்கள். பத்து அடிக்கு ஒரு தடவை அட்டையை வைத்துப் பாருங்கள். வளைவு வந்தபிறகு டாலியை, அதாவது முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டியை, உள்ளே பிடித்து, இரும்புச் சுத்தியால் மெதுவாகத் தட்டிச் சமன் செய்யுங்கள். நன்றாக வந்த மட்காட்டுக்குப் பட்டி பூச்சுக்கூடத் தேவைப்படாது, அந்தச் சந்தோஷமே தனி.

தொண்டி: துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகடு போட்டால் துரு வராது இல்லையா?

வெல்டிங் வைக்கிற இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அந்தப் புகையும் ஆகாது, மூச்சில் ஏறினால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு, சி.ஆர். என்று கேட்டால் கொடுப்பார்கள், அதையே போடுங்கள்.

மண்டபம்: சி.ஓ.டூ வெல்டிங் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வருகிறது. மிஷின் கோளாறா?

ஆடிக் காத்தில் வெட்டவெளியில் வைத்துப் பற்றவைக்கிறீர்களா? உருகுகிற இடத்தை மூடிக் காக்கிற சி.ஓ.டூ கேஸைக் காத்து அடித்துக்கொண்டு போனால் அப்படித்தான் வரும். தார்ப்பாயை மூன்று பக்கமும் கட்டிவிட்டுப் பாருங்கள், முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். அப்புறம், நீளமாக இழுக்காதீர்கள். அங்குலத்துக்கு ஒரு பொட்டு, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்தது. இழுத்துவிட்டால் தகடு நெளியும், நெளிந்ததை எடுக்க இரண்டு நாள் போகும்.

ஏர்வாடி: பெயிண்ட் அடித்து ஆறு மாதத்தில் கொப்புளம். பிரைமர் மட்டமானதா அண்ணா?

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் தங்கச்சி? போர் தண்ணீர் என்றால் அதில் இருக்கிற உப்புதான் காரணம். தகட்டில் உப்புப் படலம் இருக்க, அதன்மேல் பிரைமர் அடித்தால் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக ஊதும். குடத்தில் காவிரித் தண்ணீர் பிடித்துக் கடைசியாக ஒரு அலசு அலசி, துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். ராத்திரி வெறும் தகடாக விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

ராமேஸ்வரம்: தனுஷ்கோடி மணலில் ஓடிய ஜீப் ஒன்று வாங்கினேன். கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியைப் புதிதாக அடிக்கவேண்டும். எதில் கவனமாக இருக்கவேண்டும்?

2017-ல் அரிச்சல்முனைக்கு ரோடு வருவதற்கு முன்னால் ஓடிய வண்டி என்றால் கடல் தண்ணீரிலேயே உருண்டிருக்கும், சேஸிஸையும் தட்டிப் பாருங்கள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் உள்பக்கம் முழுக்கப் பிரைமர் அடிக்கவேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு வெளியே மட்டும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது மழைக்காலத்தில் உள்ளேயிருந்து அரித்து வெளியே வந்துவிட்டது, கூலி வாங்காமல் முழுசும் மாற்றிக் கொடுத்தேன். வெல்டிங் சூட்டில் உள்பிரைமர் கருகும் என்பதால், எல்லாம் முடிந்தபிறகு கீழ் ஓட்டை வழியாகச் சின்னக் குழாய் விட்டு மெழுகெண்ணெய் பீய்ச்சி விடுங்கள். அந்த ஓட்டையை அடைக்காதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால், அதே வழியாக மறுபடியும் பீய்ச்சவேண்டும்.