நாய்க்கடிக் கிருமி செல்லும் வழி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்க்கடியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ரேபிஸ் எனப்படும் வெறிநோய் குறித்த ஐயங்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதப்படுகிறது.

கேள்வி: என் அண்ணன் மகனைப் பக்கத்துத் தெரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டு பல் பதிந்த இடம்தான். ஓரிரு சொட்டு இரத்தம் வந்தது. "இவ்வளவு சின்னக் காயத்தில் விஷம் இரத்தத்தில் ஏறாது, டி.டி. ஊசி போட்டால் போதும்" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். கிருமி உடம்புக்குள் எப்படித்தான் பரவுகிறது? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போதும் பையனுக்கு ஊசி போடப்படாமல் இருந்தால், மேற்கொண்டு படிப்பதை விட்டுவிட்டு முதலில் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். பல் தோலைத் துளைத்து ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் அது மருத்துவக் கணக்கில் மூன்றாம் வகைக் கடி, அதாவது மிகுந்த ஆபத்துள்ள வகை. டி.டி. ஊசி இரணஜன்னியை (டெட்டனஸை) தடுக்குமே தவிர ரேபிஸை ஒன்றும் செய்யாது.

இரத்தத்தில் ஏறாது என்று பெரியவர்கள் சொல்வது ஒருவகையில் சரிதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. ரேபிஸ் வைரஸ் இரத்தத்தை நம்பியிருக்கும் கிருமியே அன்று. அது செல்லும் வழி நரம்பு. நோயுற்ற நாயின் உமிழ்நீரில் இருக்கும் இந்த வைரஸ், தோட்டா வடிவில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு நீளமே உடையது. உள்ளே ஓர் ஆர்.என்.ஏ. இழை, அதில் ஐந்தே ஐந்து மரபணுக்கள், வெளியே கொழுப்பாலான ஓர் உறை, அந்த உறையில் முட்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒருவகைப் புரதம். இவ்வளவுதான் அதன் உடைமை. கடிபட்ட தசையில் அது சில நாட்களோ சில வாரங்களோ தங்கி, தசை அணுக்களுக்குள் (செல்களுக்குள்) சிறிதளவு பெருகக்கூடும். இந்தக் காலத்தில் காய்ச்சல் இராது, வீக்கம் இராது, எந்த இரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது.

தசையை அசைக்கும் நரம்பு வந்து முடியும் இடத்தில், மூளையின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்வதற்கென்று சில ஏற்பிகள் உள்ளன. வைரஸின் முட்புரதம் இந்த ஏற்பிகளையும், நரம்பு முனையிலேயே உள்ள வேறு சில புரதங்களையும் பற்றிக்கொள்கிறது. நரம்பணு அதை ஏதோ தனக்கு வேண்டிய பொருள் என்று கருதியதுபோல ஒரு சிறு பைக்குள் இட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. நரம்பணுவின் நீண்ட இழைக்குள், முனையிலிருந்து அணுவின் மையத்துக்குப் பொருள்களைச் சுமந்து செல்லும் புரதங்கள் எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. சரக்கு வண்டியில் சீட்டு வாங்காமல் ஏறிக்கொண்ட ஆளைப்போல, வைரஸ் இந்தப் புரதங்களின் மேல் ஏறி நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் மேலே செல்கிறது. தண்டுவடத்தை அடைந்ததும் அங்குள்ள நரம்பணுவில் பெருகி, அடுத்த அணுவுக்குத் தாவி, மூளையை அடைகிறது.

கெண்டைக்காலிலிருந்து மூளைக்கு உள்ள தொலைவும், முகத்திலிருந்து மூளைக்கு உள்ள தொலைவும் ஒன்றல்ல. பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும் என்றாலும், முகத்திலும் கழுத்திலும் கடிபட்டவர்களுக்கு மிக விரைவில் வந்துவிடுவதற்கும், அரிதாகச் சிலருக்கு ஓராண்டுக்குப் பின்னும் வருவதற்கும் இந்தப் பயணத் தொலைவும் தசையில் தங்கும் காலமும் முக்கியக் காரணங்கள். குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் நாயின் வாய் அவர்கள் முகத்துக்கே எட்டிவிடுகிறது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள்.

கடித்தவுடன் செய்ய வேண்டியது எது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சோப்பு அந்தக் கொழுப்பு உறையைக் கரைத்துவிடுவதால் நரம்பைப் பற்றும் கருவியே வைரஸுக்கு இல்லாமல் போகிறது. அதை விட்டுவிட்டு மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று காயத்தில் வைத்துத் தேய்ப்பது, தசைக்குள் இருக்கும் கிருமியை நரம்பு முனைகளுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டு சேர்க்கும் வேலை. இதை எத்தனை முறை எழுதினாலும் மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடி ஓடுகிறவர்கள் குறையவில்லை.

கேள்வி: தட்டம்மை, போலியோ எல்லாவற்றுக்கும் நோய் வருவதற்கு முன்பே தடுப்பூசி போடுகிறோம். நாய்க்கடிக்கு மட்டும் கடித்த பிறகு போட்டால் எப்படிப் பலன் தரும்? – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: நல்ல கேள்வி. கிருமி மெதுவாக நகர்வதுதான் இதற்குக் காரணம். தட்டம்மை வைரஸ் மூச்சுவழி புகுந்து ஏறக்குறைய பத்து நாட்களில் காய்ச்சலைக் கொண்டுவந்துவிடும். அதற்குள் தடுப்பூசி முழுப் பலன் தருவது கடினம். ரேபிஸ் நரம்பு வழியே ஊர்ந்து செல்லும் அந்த வாரங்களில், தடுப்பூசி பெற்ற உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி முந்திக்கொள்ள முடியும்.

ஆனாலும் தடுப்பூசியால் எதிர்ப்பொருள் உருவாக ஏழு முதல் பத்து நாட்களாவது ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான், இரத்தம் வந்த கடிக்கு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயும் அதைச் சுற்றியும் ஊசியால் செலுத்துகிறார்கள். கிருமி நரம்புக்குள் நுழையும் முன்பே, அது இருக்கும் இடத்திலேயே அதை மடக்குவது நோக்கம். வலிக்கிறது என்று குழந்தை அழுவதால் இதை வேண்டாம் என்று மறுத்துவிட்டுக் கையில் போடும் ஊசியோடு வீடு திரும்பும் பெற்றோர்கள் உண்டு. அது பெருந்தவறு. முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போட முடியாமற் போனாலும் அதிலிருந்து ஏழு நாட்களுக்குள் போட்டுக்கொள்ளலாம், அதன்பிறகு தேவையில்லை.

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசியை இரு கைகளிலும் தோலுக்குள் சிறு அளவில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). தசைக்குள் போடும் முறையில் பதினான்காம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசிகள். புட்டத்தில் போடக் கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து சரியாக வேலை செய்வதில்லை.

கடித்த பிறகு காப்பாற்ற முடியும் என்பதை முதலில் காட்டியவர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் பல இடங்களில் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனைப் பாரீசில் அவரிடம் கொண்டுவந்தார்கள். நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலரவைத்து வீரியம் குறைத்துத் தயாரித்த மருந்தை, முதலில் மிக வீரியம் குறைந்ததில் தொடங்கிப் படிப்படியாக வீரியம் கூடியது வரை, 13 ஊசிகளாகச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் அந்த வைரஸைக் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைய உருப்பெருக்கிகளில் அது தெரியாது. கிருமி நரம்பு மண்டலத்தில்தான் இருக்கிறது என்ற ஒரே துப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அவ்வளவு தூரம் சென்றது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

கேள்வி: என் இளமைக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். இப்போது ஏன் அப்படி இல்லை? – ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

பதில்: அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, அந்த மூளையையே அரைத்து, பீனால் சேர்த்துக் கிருமியைச் செயலிழக்கச் செய்யும் இம்முறையை டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் வடஇந்திய மலையூரான கசௌலியில் உருவாக்கினார். 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் தென்னாட்டுக்கு நெடுங்காலம் நாய்க்கடி மருந்தைத் தயாரித்து அனுப்பியது. மருந்தில் வீரியம் குறைவு, ஆகவே அளவு அதிகம். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 5 மில்லிலிட்டர் வரை செலுத்த வேண்டியிருந்தது. அவ்வளவையும் நாள் தவறாமல் வாங்கிக்கொள்ள வயிற்றுத் தோலில்தான் இடம் இருந்தது. தொப்புளுக்கு வேறு மகிமை எதுவும் இல்லை.

அதில் வேறொரு சிக்கலும் இருந்தது. ஆட்டு மூளையின் நரம்புப் பொருள் மருந்தோடு சேர்ந்து உள்ளே போவதால், சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த நரம்புகளையே தாக்கி, கைகால் செயலிழப்பு ஏற்பட்டது. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்த மருந்து நிறுத்தப்பட்டது. இன்றைய தடுப்பூசிகள் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் அணுக்களில், பெரும்பாலும் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெறப்பட்ட வீரோ அணுக்களில், தயாராகின்றன.

கேள்வி: இந்த நோய் வந்தவர் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது ஏன்? கிருமி மூளையைத் தின்றுவிடுகிறதா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: தின்பதில்லை என்பதுதான் இந்நோயின் புதிரான பகுதி. இறந்தவரின் மூளையை ஆராய்ந்தால், இவ்வளவு கொடிய மரணத்துக்கு ஏற்ற அழிவு அங்கே தென்படுவதில்லை. நரம்பணுக்கள் பெரும்பாலும் உருக்குலையாமலே இருக்கின்றன. 1903-இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி அவற்றுக்குள் சிறு உருண்டைகளைக் கண்டார். வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளும் இடங்கள் அவையே என்பது பின்னால் தெரியவந்தது. அணுவைக் கொல்லாமல் அதன் வேலையை மட்டும் குலைத்துவிடுகிறது இந்த வைரஸ். அணு சாகாததால் உடலின் காவல் ஏற்பாடுகளுக்கும் செய்தி எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அபாயத்தை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை முடக்கும் புரதமும் அதனிடம் உண்டு. அறிகுறி தோன்றிய பிறகு ஏறக்குறைய எவரையும் காப்பாற்ற முடியாமல் போவது இதனால்தான்.

மூளைத்தண்டு குலையும்போது, விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் சிறு தூண்டலுக்கே வலியோடு இறுகிக்கொள்கின்றன. நோயாளிக்குத் தாகம் இருக்கும். டம்ளரைக் கையில் வாங்குவார். உதட்டருகே கொண்டுபோகும்போதே தொண்டை பிடித்துக்கொள்ளும். ஓரிரு முறை அப்படி நேர்ந்தபின் தண்ணீரைப் பார்த்தாலே அந்த இறுக்கம் வந்துவிடும். முகத்தில் விசிறிக் காற்றுப் பட்டாலும் அப்படியே. அதே வேளையில் வைரஸ் மூளையிலிருந்து நரம்புகள் வழியே வெளிப்புறமாக இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிகளில் குவிகிறது. நாயிடம் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: உமிழ்நீர் முழுக்கக் கிருமி, விழுங்க முடியாததால் அது வாயிலேயே தேங்குகிறது, உணர்ச்சிகளை ஆளும் மூளைப்பகுதி கலங்கியதால் எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கும் வெறி. வைரஸுக்கு நோக்கம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அடுத்த உடலுக்குப் போக இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

எல்லா நோயாளிகளும் இப்படி ஆவதில்லை. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வெறியோ நீர் அச்சமோ பெரிதாக இல்லாமல், கடிபட்ட இடத்திலிருந்து தொடங்கி உடல் மெல்லச் செயலிழக்கும் வகை வருகிறது. இதை வேறு நோய் என்று கருதிவிடும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எங்கள் பசு இரை எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, அடிக்கடி கத்திக்கொண்டிருந்தது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று என் கணவர் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். நான்காம் நாள் பசு இறந்துவிட்டது. வெறிநோயாக இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். அதன் பாலை வீட்டில் எல்லோரும் குடித்தோம். – வாசகி, தாராபுரம்

பதில்: உங்கள் கணவர் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாடுகளுக்கு வரும் ரேபிஸில் தொண்டை செயலிழப்பதுதான் பல நேரங்களில் முதலில் கண்ணுக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்குக் கொட்டையோ கிழங்கோ அடைத்துக்கொண்டதுபோலவே தோன்றும். வேலை செய்யும் கைகளில் சிராய்ப்பும் நகக்கண் வெடிப்பும் இல்லாமல் இருப்பது அரிது. எச்சில் அவற்றில் பட்டிருந்தால் அது கடிக்குச் சமம் என்றே கொள்ள வேண்டும். மாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள், கழுநீர்த் தொட்டியைக் கழுவியவர்கள் ஆகியோரையும் கூடவே அழைத்துச் சென்று விவரம் சொல்லுங்கள்.

பாலைப் பற்றிக் கவலை வேண்டாம். காய்ச்சிய பாலில் இந்த வைரஸ் பிழைக்காது. பால் குடித்ததற்காக மட்டும் ஊசி தேவையில்லை. இறந்த மாட்டை அறுக்காமல் ஆழமாகப் புதைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: எலி கடித்தால்? – வாசகர், சென்னை

பதில்: எலி, அணில், முயல் வழியாக மனிதருக்கு ரேபிஸ் வருவதில்லை என்றே கொள்ளலாம். எலிக்கடியால் வேறு காய்ச்சல்கள் வரக்கூடும் என்பதால் காயத்தைக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். பூனை, குரங்கு, கீரி, நரி கடித்தால் நாய்க்கடிக்கு உரிய சிகிச்சையே.

கேள்வி: கடித்த நாய் மூன்று நாளாக நன்றாகத்தான் திரிகிறது. மீதி ஊசிகளை விட்டுவிடலாமா? பத்து நாள் கணக்கு என்கிறார்களே, அது என்ன? – வாசகர், கரூர்

பதில்: மூன்று நாள் போதாது. நாயின் உமிழ்நீரில் வைரஸ் வந்து சேர்வது, கிருமி மூளையைப் பிடித்த பிறகுதான் என்று மேலே பார்த்தோம். ஆகவே அறிகுறி தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே உமிழ்நீரில் கிருமி இருக்கக்கூடும். தோன்றியபின் நாய் சில நாட்களில் இறந்துவிடும். கடித்த நாளில் அதன் எச்சிலில் கிருமி இருந்திருந்தால், அடுத்த பத்து நாட்களுக்குள் அது நோயுற்றோ இறந்தோ போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். குரங்குக்கும் கீரிக்கும் பொருந்தாது.

பத்து நாள் பார்த்துவிட்டு ஊசியைத் தொடங்கலாம் என்று சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஊசியைக் கடித்த அன்றே தொடங்கி, அதன் நாட்களில் தவறாமல் போட்டுக்கொண்டே நாயைக் கவனிக்க வேண்டும். அதை அடித்துக் கொன்றுவிடாதீர்கள், ஊரைவிட்டுத் துரத்தவும் வேண்டாம்; முடிந்தால் ஓரிடத்தில் கட்டிவைத்துச் சோறும் தண்ணீரும் தூரத்திலிருந்து வையுங்கள். பத்தாம் நாள் கழிந்தும் அது நன்றாக இருந்தால், எஞ்சியிருக்கும் 28-ஆம் நாள் ஊசியை நிறுத்தலாமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.