படிக்கப் போவது அம்மா, வீடு எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு முப்பத்தாறு வயது. விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, லீவும் சரிவந்துவிட்டது. திருக்கோவிலில் இருந்து தினமும் போய்வர ஏலாது என்பதால் இரண்டு வருடத்துக்குக் குடும்பத்தோடு மட்டக்களப்புப் பக்கம் வரப்போகிறோம். இவர் கல்முனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார், அந்த வேலையை விட ஏலாது. மகன் வருகிற தையில் நாலாம் ஆண்டு, அதற்கடுத்த வருடம் புலமைப்பரிசில். மகளுக்கு நாலு வயது. மாமியும் கூட வருவா, அவவுக்கு பிறசர், சுகர் கிளினிக் இருக்கு. சொந்தக்காரர் எல்லாம் கல்லடி என்கிறார்கள், தோழி செங்கலடியிலேயே இரு என்கிறாள், அண்ணன் ரவுனுக்குள் எடு, பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கும் என்கிறார். மண்டை காயுது. எங்கே எடுப்பது?
— பெயர் வேண்டாம், திருக்கோவில்

பதில்: தங்கச்சி, முதலில் சந்தோஷம். இரண்டு பிள்ளைகளோடு திரும்பப் படிக்கப் போவது லேசான காரியம் இல்லை. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். யார் யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மகனை யார் கூட்டிவருவது என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. நீங்கள் வந்தாறுமூலைக் கம்பஸில் ஆய்வுகூடத்தில் நிற்பீர்கள், அவர் கல்முனையில், வீட்டில் இருப்பது மாமி மட்டும். அப்படியென்றால் பள்ளிக்கூடமும் மகளின் பாலர் பாடசாலையும் மாமி குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், அதுவும் மெயின் ரோட்டைக் கடக்காமல். பஸ் ஏறுவது நீங்கள் இருவரும் மட்டும்.

இதை வைத்துக்கொண்டு மூன்று இடத்தையும் பாருங்கள்.

கல்லடி நல்ல இடம், கடல்காற்று, வாசலிலேயே கல்முனை பஸ். ரவுனுக்குப் போக 1924 இல் கட்டிய பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில் காலையில் அதைத் தாண்டுவதே ஒரு பாடு, 2013 இல் புதுப்பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. உங்கள் படிப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அதுவும் கிழக்குப் பல்கலைக்கழகம்தான், ஆனால் விவசாய பீடம் வந்தாறுமூலையில், நகரத்தில் இருந்து பதினைந்து பதினாறு கிலோமீற்றர் வடக்கே. கல்லடியில் இருந்தால் ரவுனுக்கு ஒரு பஸ், அங்கே இறங்கி மறுகா இன்னொரு பஸ். ஒரு மாதம் தாங்கும். இரண்டு வருடம்?

செங்கலடி உங்களுக்கு மட்டும் சொர்க்கம். ஐந்து நிமிடத்தில் கம்பஸ். ஆனால் அவருக்குக் கல்முனை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று எல்லாச் சந்தியிலும் நின்று நின்று போகிற பஸ்ஸில். இரவு வந்து சேரும் மனுஷன் பிள்ளையின் கொப்பியைப் பார்ப்பாரா, படுப்பாரா?

நான் சொல்வது நடுவில், நகரத்தின் வடக்கு முனை: அரசடி, ஊறணி, பிள்ளையாரடி, மிஞ்சினால் தன்னாமுனை. திருகோணமலை வீதியில் கைகாட்டினால் உங்களுக்கு ஒரே பஸ். அவர் மோட்டார் சைக்கிளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட விட்டுவிட்டுக் கல்முனை பஸ் ஏறலாம், அவருக்கும் ஒரே பஸ். மாமியின் கிளினிக்கைப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றிக்கொண்டால் ஓட்டோவில் போய்வரலாம். பழைய கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அண்ணன் சொன்ன பெரிய பள்ளிக்கூடம் பற்றி. 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் எல்லாம் பெயர்போன இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ரவுன் நடுவில், புளியந்தீவில் வாடகைக்கு வீடு எடுத்த கையோடு அங்கே நாலாம் ஆண்டுக் கதிரை காலியாகிவிடாது. அதற்காக ஆள் பிடித்து அலைய வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சையே ஆறாம் ஆண்டுக்குப் பெரிய பாடசாலைகளின் வாசல்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது மகனுக்குத் தேவை இரண்டு வருடமும் மாறாமல் இருக்கிற ஒரு வகுப்பும், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு ரீச்சரும். தை மாதம் தவணை தொடங்கும்போதே சேர்த்துவிடுங்கள், ஐந்தாம் ஆண்டின் நடுவில் மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள். விடுகைப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், புது இடத்துக் கிராம சேவகரின் வதிவிடச் சான்று, மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். வீடு பேசுவதற்கு முன் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபரைப் போய்ப் பாருங்கள். இடம் இருக்கு என்று அவர் சொன்ன பிறகு வீட்டுக்காரரிடம் போகலாம், எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி வீடு. இதில் நான் பட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2010 ஆவணியில் செங்கலடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், நானும் அப்போது கைப்பிள்ளையோடு படித்துக்கொண்டிருந்தவள்தான். மாமர நிழல், பெரிய வளவு, வாடகையும் குறைவு. உள்ளே எல்லா அறையிலும் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ற். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், நமக்காக அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். 2011 தை வெள்ளத்தில்தான் விளங்கியது, தண்ணீர் சரியாக அந்தப் பெயின்ற் முடிகிற கோட்டில் வந்து நின்றது. நோட்ஸ் எல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டியில். ஈரத்தாளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டுக் காயவைத்தேன், பாதி எழுத்து போய்விட்டது. வீட்டுக்காரரைக் கேட்டால், "எல்லா வருஷமும் வராது பிள்ளை" என்றார்.

ஆகவே வெயிலில் வீடு பார்க்கப் போனால் சுவரைத் தடவிப் பாருங்கள், பக்கத்து வீட்டில் ஃபிரிட்ஜ் கல்லுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், முன்வீட்டுக் கிழவியிடம் கேளுங்கள். நகரத்துக்குள்ளும் பள்ளமான ஒழுங்கைகள் இருக்கு, கார்த்திகை மார்கழியில் ஒரு மழை நாளில் போய்ப் பார்க்க முடிந்தால் அதுதான் சரியான சோதனை. அப்புறம் கிணறு. வாவியை அண்டின இடத்தில் தண்ணீர் உவர்க்கும், குழாய் இருக்கு என்று சொன்னாலும் திறந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். முன்வீட்டில் ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தால் தண்ணீரின் கதை தெரிந்துவிடும்.

உங்களுக்கென்று கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, இல்லாவிட்டால் ஒரு மூலையும் மேசையும், இதையும் கணக்கில் வையுங்கள். விறாந்தை பெரிது, படிக்கலாம் என்று அவர் சொல்வார். விறாந்தையில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கேள்வி: மனைவிக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வாழைச்சேனையில் இருந்து நாங்களும் கூடப் போகிறோம். அக்கரைப்பற்றில் வீடு பார்க்கலாமா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: தம்பி, என்ன பீடம் என்று எழுதவில்லையே! பிரயோக விஞ்ஞான பீடம் என்றால் அது பிரதான வளாகம் இருக்கிற ஒலுவிலில் இல்லை, சம்மாந்துறையில். அக்கரைப்பற்றில் வீட்டை எடுத்துவிட்டு நாளாந்தம் காரைதீவு போய், அங்கிருந்து கிறுகி அம்பாறை ரோட்டில் ஏறுவது வீண் அலைச்சல், சம்மாந்துறையிலேயே பாருங்கள். ஒலுவில் வளாகம்தான் என்றால் அக்கரைப்பற்றும் சரி, அட்டாளைச்சேனை இன்னும் கிட்ட. இடம் கிடைத்த கடிதத்தை முதலில் மனைவியிடம் வாங்கி வாசியுங்கள், அட்வான்ஸ் மறுகா.