ஹெர்2 ‘3+’ என்பது மூன்றாம் கட்டம் அல்ல

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மார்பில் இருந்த கட்டியிலிருந்து திசு எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரியவந்தது. அறிக்கையில் ‘ஹெர்2 3+’ என்று எழுதியிருக்கிறது. நோய் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அம்மா கலங்கிப்போயிருக்கிறார். கீமோவுடன் வேறொரு மருந்தையும் ஏறத்தாழ ஓராண்டுக்குத் தரவேண்டும் என்கிறார் மருத்துவர். சர்க்கரைதான் புற்றுநோயை வளர்க்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னதால், அம்மா சோறு சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு 34 வயது. இந்த நோய் எனக்கும் வருமா? – சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அந்த ‘3+’ நோயின் கட்டத்தைக் குறிப்பதன்று. கட்டியின் அளவு, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, உடலின் வேறு உறுப்புகளை எட்டியிருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே கட்டத்தை முடிவு செய்வார்கள். நீங்கள் குறிப்பிடும் எண், கட்டியின் உயிரணுக்களைச் சுற்றியுள்ள சவ்வில் ஹெர்2 என்ற புரதம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதற்கான அளவு. திசுவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பிடுவார்கள். 2+ என்று வந்தால் முடிவு தெளிவில்லை என்று பொருள். மரபணுவை நேரடியாக எண்ணும் இன்னொரு பரிசோதனை அப்போது தேவைப்படும். அம்மாவுக்கு வந்திருப்பது 3+ என்பதால் அந்த ஐயம் இல்லை, புரதம் மிகுந்திருப்பது உறுதி.

அந்தப் புரதம் அங்கே என்ன செய்கிறது என்பது புரிந்தால் சிகிச்சையும் புரியும். உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமன் உள்ளது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த மெல்லிய படலம் அது. ‘வளர்’, ‘பிரி’ என்று சொல்லும் வளர்ச்சிக் காரணிகள் பெரும்பாலும் புரதங்கள் என்பதால், அந்தக் கொழுப்புப் படலத்தைக் கடந்து அவற்றால் உள்ளே போக முடியாது. ஆகவே சவ்வை ஊடுருவி நிற்கும் ஏற்பிகள், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியால் செய்தியைப் பெற்று, உள்ளே இருக்கும் பகுதியால் அதைக் கடத்துகின்றன. (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொழுப்பில் கரைவதால் சவ்வைத் தானே கடந்துவிடும், அதற்கான ஏற்பி உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவின் அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குத் தனி வரி இருக்கும். அதன் முடிவையும் மருத்துவரிடம் கேளுங்கள், ஏனெனில் அது ஆம் என்றிருந்தால் பின்னர் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் சேரும்.)

வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் 1986இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுடைய பணியைத் தொடர்ந்து அறியப்பட்ட ஏற்பிக் குடும்பத்தில் ஹெர்2 ஒன்று. இக்குடும்பத்தின் நான்கு ஏற்பிகளும் தனித்து நின்று செயல்படுவதில்லை. இரண்டு ஏற்பிகள் சவ்விலேயே நகர்ந்து வந்து இணைந்த பிறகுதான், உட்பகுதியில் பாஸ்பேட் ஒட்டி, அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பல புரதங்கள் தூண்டப்பட்டு, செய்தி உட்கருவைச் சென்றடைகிறது. மற்ற ஏற்பிகள் வளர்ச்சிக் காரணி வந்து தொட்டால்தான் இணையத் தயாராகும். ஹெர்2வோ எப்போதும் தயார் நிலையிலேயே இருக்கிறது. 17ஆவது குரோமோசோமில் உள்ள அதன் மரபணு, இயல்பான உயிரணுவில் இரண்டு பிரதிகளாக இருக்கும். அம்மாவுக்கு வந்துள்ள வகைக் கட்டியில் அது பல மடங்காகப் பெருகிவிடுவதால், சுமார் 20,000 ஏற்பிகள் இருக்கவேண்டிய சவ்வில் 20 லட்சம் வரைகூடச் சேர்ந்துவிடுகின்றன. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் கூடக்கூட ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப்போல, இந்த ஏற்பிகளும் நெருக்கத்தாலேயே இணைந்துவிடுகின்றன. வெளியிலிருந்து யாரும் அனுப்பாத செய்தி உள்ளே ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

வளர்ந்த உடலில் பெரும்பாலான உயிரணுக்கள் பிரியாமல் ஓய்விலேயே இருப்பவை. தக்க செய்தி வந்தால் மட்டுமே ஓர் உயிரணு தன் 46 குரோமோசோம்களையும் நகலெடுத்து, நகலில் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, பின் இரண்டாகப் பிரியும். இந்தச் சுழற்சியை முடுக்கும் புரதங்களைக் கண்டறிந்த ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் ஆகிய மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. செய்தி ஓயாமல் வரும்போது உயிரணு ஓய்வுக்குத் திரும்புவதே இல்லை. இதில் அம்மாமீது எந்தக் குற்றமும் இல்லை என்பதை, அவர் கேட்காவிட்டாலும், நீங்களே எடுத்துச் சொல்லவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஓராண்டு மருந்து என்று மருத்துவர் சொல்வது பெரும்பாலும் டிராஸ்டுசுமாப்பாக இருக்கும். வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் இம்மருந்து, ஹெர்2வின் வெளிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு செய்தியைத் தடுப்பதோடு, அந்த உயிரணுவை நம் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டியும் கொடுக்கிறது. சிலருக்கு, ஏற்பிகள் இணைவதையே தடுக்கும் பெர்டுசுமாப்பும் சேர்த்துத் தரப்படும். அமெரிக்காவில் 1998இல் டிராஸ்டுசுமாப் அனுமதி பெறுவதற்கு முன்பு, அறிக்கையில் இந்தப் புரதம் மிகுந்திருந்தால் மருத்துவர்களுக்கே கவலைதான். இன்றோ அதே முடிவு குறிபார்த்துத் தாக்கும் மருந்துக்கு வழி திறக்கிறது. அம்மாவின் ‘3+’ஐ நீங்கள் இப்படித்தான் பார்க்கவேண்டும்.

கீமோவில் பாக்லிடாக்சல் அல்லது டோசிடாக்சல் இருக்குமானால், அது நகலெடுத்த குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளை இறுக்கிவிட்டு, பிரிதலைப் பாதியிலேயே நிறுத்தும். முடிவேர், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் உயிரணுக்களும் விரைந்து பிரிபவை என்பதால்தான் முடி உதிர்கிறது, வயிறு கெடுகிறது, வெள்ளை அணுக்கள் குறைகின்றன. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. கீமோ நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியசைத் தொட்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதயத் தசையிலும் ஹெர்2வுக்கு வேலை உண்டு. அதனால் டிராஸ்டுசுமாப் சிலருக்கு இதயத்தின் ஆற்றலைக் குறைக்கக்கூடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அது சீராகிவிடும். தொடங்கும் முன்பும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ என்ற, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கவேண்டாம்.

இனி, சோறு. உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோசைப் பயன்படுத்துகின்றன. சோற்றை நிறுத்தினால் கல்லீரல் தானே குளுக்கோசைத் தயாரித்து இரத்தத்தில் விடும். கட்டி பட்டினி கிடக்காது, மெலிவது அம்மாதான். நீரிழிவு இருந்தால் அளவு பார்க்கவேண்டும். மற்றபடி சோறும் பருப்பும் மீனும் முட்டையும் அவருக்கு இப்போது தேவை. சமையலில் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. ஆனால் மஞ்சள் மாத்திரை, மூலிகைக் கசாயம் முதலியவற்றைப் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள், சில கீமோ மருந்துகளோடு அவை முரண்படக்கூடும்.

உங்களைப் பற்றி: ஹெர்2 மரபணு பெருகியது அம்மாவின் கட்டிக்குள் மட்டுமே நேர்ந்த மாற்றம், அவர் அதை உங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது. எனினும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்தால் மகளுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஓரளவு கூடுதல்தான். உங்கள் பலதுறை மருந்தகத்தில் இதைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்கேனும் 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலாவது சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால், மரபணு ஆலோசனைக்குப் பரிந்துரை கேளுங்கள். சிங்கப்பூரில் 40 முதல் 49 வயது வரை மருத்துவரிடம் கலந்து பேசி ஆண்டுக்கு ஒருமுறையும், 50க்குப் பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்களுக்கு அதை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யலாம். மருந்துச் செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு இரண்டிலிருந்தும் எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.