ஓடும் நிரலுக்குள் பயனர் எழுதிய கோட்: கேள்வி பதில்

கேள்வி: பயனர் டைப் செய்யும் சி ஷார்ப் கோடை நிரல் ஓடும்போதே கம்பைல் செய்ய முடியுமா?

முடியும். சி ஷார்ப்பின் கம்பைலரான ராஸ்லின் நூலகமாகவே கிடைக்கிறது, கோடை எழுத்தாகக் கொடுத்தால் மெமரியிலேயே அசெம்பிளி (கம்பைல் ஆன, ஓடத் தயாரான கோட்) ஆக்கித் தரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் கோடுக்கு மேலே நீங்கள் கிளாஸ், மெத்தட் என்று 8 வரி சேர்த்திருந்தால், அவர் 3ஆம் வரியில் விட்ட செமிகோலன் 11ஆம் வரிப் பிழையாக வரும், பாவம், அவர் எங்கே தேடுவார்? அந்த 8ஐக் கழித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஜாவாவில் என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் கம்பைலர் கேட்டால் நல் (null, அதாவது எதுவுமில்லை) வருகிறது.

சர்வரில் நிரலை ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ இருக்கும். கம்பைலரும் சேர்ந்து வரும் ஜேடிகே போடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மெமரி ஏறிக்கொண்டே போகிறது. (சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில்)

ஏற்றிய அசெம்பிளியைத் தனியாக இறக்க முடியாது. டாட்நெட் கோர் 3.0 முதல், கலெக்டிபிள் (இறக்கக்கூடியது) என்று குறித்த அசெம்பிளி லோட் கான்டெக்ஸ்ட்டில், அதாவது அசெம்பிளிகளை ஏற்றி வைக்கும் தனிக் கூட்டில், ஏற்றினால் அதை மொத்தமாக இறக்கலாம். ஆனால் அன்லோட் என்று கூப்பிட்டதும் போய்விடாது. உள்ளே இருக்கும் ஒரு பொருளை வெளியே யாராவது பிடித்திருந்தால் அது அப்படியே நிற்கும். பெரும்பாலும் கழற்றாமல் விட்ட ஈவென்ட் ஹேண்ட்லர்தான் (ஒரு நிகழ்வு நடந்தால் கூப்பிடச் சொல்லி மாட்டிய மெத்தட்), முதலில் அதைத் தேடுங்கள். அப்புறம், மாறாத கோடைத் திரும்பத் திரும்பக் கம்பைல் செய்யாமல் கோடின் சுருக்க அடையாளமான ஹாஷை வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பைத்தானில் பில்டின்ஸை (மொழியோடு வரும் ஃபங்ஷன்கள்) காலியாக்கி, எழுத்தாக இருக்கும் கோடை எக்ஸெக் கொண்டு ஓட்டினால் பாதுகாப்புதானே?

இல்லவே இல்லை. ஒரு காலி டியூப்பிள் (மதிப்புகளின் பட்டியல்) போதும்: அதன் கிளாஸ், அதன் தாய் கிளாஸான ஆப்ஜெக்ட், அங்கிருந்து ஏற்றியிருக்கும் சப்கிளாஸ் எல்லாம் என்று ஏறி இறங்கி, கோப்பைத் திறக்கும் இடம் வரை போய்விடலாம். மொழிக்குள்ளேயே வேலி போடும் முயற்சியை ஜாவாவே கைவிட்டது, அதற்கென இருந்த செக்யூரிட்டி மேனேஜரை ஜாவா 17ஆம் பதிப்பில் ஒதுக்கி 24ஆம் பதிப்பில் முடக்கிவிட்டார்கள். தெரியாதவர் கோட் என்றால் தனி ப்ராசஸ், உரிமை குறைந்த யூசர், நெட்வொர்க் கிடையாது, மெமரிக்கு உச்சவரம்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: முடிவில்லாத லூப் எழுதிவிட்டால்?

டாட்நெட் கோரில், ஓடுவதை வலுக்கட்டாயமாக நிறுத்தும் த்ரெட் அபார்ட் வேலை செய்யாது, எக்ஸெப்ஷன்தான் வரும். 'நிறுத்து' என்று சைகை காட்டும் கேன்சலேஷன் டோக்கனோ, பயனரின் கோட் அதைப் பார்த்தால்தான் பலிக்கும். தனி ப்ராசஸ் என்றால் நேரம் முடிந்ததும் கொன்றுவிடலாம்.

கேள்வி: எங்களுக்கு வேண்டியது 'விலை * அளவு' மாதிரி சூத்திரம்தான்.

அப்படியென்றால் கம்பைலரே வேண்டாம். எண், மாறி, கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் மட்டும் தெரிந்த ஒரு சின்ன பார்சர் (சூத்திரத்தைப் படித்துப் பிரிக்கும் நிரல்) எழுதுங்கள், அதில் கோப்பைத் திறக்க வழியே இருக்காது.