அட்மினாக ஓட்டினால் இசட் டிரைவ் எங்கே போகிறது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். சர்வரில் இருக்கும் (என் கம்ப்யூட்டரில் இசட் டிரைவாகத் தெரியும்) அன்றைய விலைப்பட்டியலை எடுத்து பில்லிங் சாஃப்ட்வேரில் ஏற்ற, நமக்குப் பதில் தானாகத் தட்டச்சு செய்யும் ஆட்டோஹாட்கீயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சாதாரணமாக ஓட்டினால் ஃபைலைப் படிக்கிறது, ஆனால் பில்லிங் திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் இசட் டிரைவே இல்லை என்கிறது. என்ன செய்வது?

பதில்: ஸ்கிரிப்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அட்மின் கணக்கில் லாகின் செய்பவருக்கு விண்டோஸ் இரண்டு அடையாள அட்டை கொடுக்கிறது, ஒன்று சாதாரணம், இன்னொன்று முழு அதிகாரம். நீங்கள் சர்வர் ஃபோல்டரை இசட் டிரைவாக இணைத்தது, அதாவது மேப் செய்தது, சாதாரண அட்டையில். அட்மினாக ஓடும் ஸ்கிரிப்டிடம் இருப்பது மற்ற அட்டை, அதன் கணக்கில் இசட் என்று எதுவும் கிடையாது. நம்பிக்கை வரவில்லை என்றால் கமாண்ட் பிராம்ப்டை ஒரு முறை சாதாரணமாகவும் ஒரு முறை அட்மினாகவும் திறந்து இரண்டிலும் 'நெட் யூஸ்' அடித்துப் பாருங்கள். ஒன்றில் இசட் ஓகே என்று வரும், மற்றதில் அன்அவைலபிள் என்று நிற்கும், இல்லாவிட்டால் பட்டியலிலேயே இருக்காது.

சரி, எழுத்து ஏன் விழவில்லை? உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அட்மினாக ஓடுகிறது என்று அர்த்தம். கீழ் அதிகாரத்தில் ஓடும் புரோகிராம் மேல் அதிகாரத்தில் ஓடும் ஜன்னலுக்குள் தட்டச்சு செய்ய விண்டோஸ் விடாது. எரர் செய்தியாவது வருமா என்றால் அதுவும் வராது, அதனால்தான் ஆட்கள் மணிக்கணக்கில் ஸ்கிரிப்டையே நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பில்லிங்குக்கு எதற்கு அட்மின் அதிகாரம்? பழைய சாஃப்ட்வேர் பலவும் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள தன் ஃபோல்டருக்குள்ளேயே டேட்டாவை எழுதும், எழுத முடியாமல் அடம்பிடிக்கும்போது இன்ஸ்டால் செய்தவர் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேப்பில் எப்போதும் அட்மினாக ஓடும்படி ஒரு டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த டிக்கை எடுத்துவிட்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் உங்கள் யூசருக்கு மாடிஃபை (எழுத, மாற்ற) அனுமதி கொடுங்கள். அது ஓடிவிட்டால் ஸ்கிரிப்டும் சாதாரணமாகவே ஓடும், இசட்டும் இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி.

அது நடக்காவிட்டால் ஸ்கிரிப்டை அட்மினாகவே ஓட்டுங்கள், ஆனால் டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். இசட் என்று எழுதிய இடத்தில் எல்லாம் இரண்டு பின்சாய்கோடு, சர்வர் பெயர், ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) பெயர் என்று முழுப் பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்ட் ஃபைலையும் இசட்டில் வைக்காதீர்கள், அட்மினாகத் திறக்கும்போது அந்த ஃபைலே கிடைக்காமல் போகும். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்லிங்க்ட்கனெக்‌ஷன்ஸ் என்று ஒரு மதிப்பை 1 என வைத்து ரீஸ்டார்ட் செய்தால் மேப் செய்த டிரைவ் இரண்டு பக்கமும் தெரியும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கம்ப்யூட்டர் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. அதோடு, அனுமதி கேட்கும்போது முதலாளியின் அட்மின் பாஸ்வேர்டை அடித்துத்தான் உள்ளே போகிறீர்கள் என்றால் இது உதவவே உதவாது. அங்கே ஸ்கிரிப்ட் ஓடுவது முதலாளி பெயரில், அந்த யூசருக்கு சர்வர் ஷேரில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்ச் ஃபைல் (கமாண்டுகளை வரிசையாக ஓட்டும் .bat ஃபைல்) ஏதும் சேர்த்திருந்தால் இன்னொன்று: அட்மினாகத் திறந்தால் அது சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு ஃபைலைத் தேடும், அதனால் பாதையை முழுசாக எழுதுங்கள்.

அப்புறம், காலையில் தானாக ஓட டாஸ்க் ஷெட்யூலரில் போடுவதாக இருந்தால் 'யூசர் லாகான் ஆகியிருக்கும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஸ்கிரிப்டை அட்மினாக ஓட்டும் வழியில் போகிறீர்கள் என்றால் மட்டும் 'ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் போடுங்கள். மற்ற ஆப்ஷனில் ஸ்கிரிப்ட் திரையே இல்லாத இடத்தில் ஓடும், அங்கே எந்த ஜன்னலிலும் தட்டச்சு செய்ய முடியாது. அந்த நேரத்தில் ஸ்கிரீன் லாக் ஆகியிருந்தாலும் இதே கதைதான்.