பழைய கொரோலாவின் ஓட்டோ கியர் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்குகிறது. கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

உங்கள் கார் 1997ஆம் ஆண்டு கொரோலா 110, கியர்பொக்ஸ் ஏ245ஈ. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. நன்றாகச் சூடேறிய பிறகு, குறிப்பாகக் கடுகண்ணாவை ஏற்றத்தில், இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் நேரத்தில் எஞ்சின் வெறுமனே இரைந்துவிட்டு ஓர் உதறலோடு பிடிக்கிறது. கராஜில் கியர்பொக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்க வேண்டியும் வரலாம். ஆனால், அதை முடிவு செய்வதற்குத் தேவையான சோதனை எதுவும் இன்னும் நடக்கவில்லை என்றே உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது.

முதலில் ஒயில். கியர்பொக்ஸ் ஒயிலை எஞ்சின் ஒயில் போல எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாது. சற்றுத் தூரம் ஓடிச் சூடான காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி லீவரை பி (P) முதல் எல் (L) வரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து மீண்டும் பி-க்குக் கொண்டுவந்த பிறகே டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். அளவு குறைந்திருந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். கூடியிருந்தால் ஒயில் நுரைக்கும். இரண்டிலும் அழுத்தம் குறைந்து கியர் வழுக்கும். கறுத்து, கருகிய வாடை வந்தால், கியர்பொக்ஸுக்குள் கியர்களைப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. இளஞ்சிவப்புப் பால் போலிருந்தால், ரேடியேட்டருக்குள் கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் காரை ஓட்டவே வேண்டாம்.

அடுத்தது, பெரும்பாலானோர் திரும்பியும் பார்க்காத திரொட்டில் கேபிள். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திரொட்டில் பொடியிலிருந்து கியர்பொக்ஸுக்குள் செல்லும் இந்த மெல்லிய கம்பிதான், நீங்கள் பெடலை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப உள்ளே ஒயில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அது தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் முழு இழுவையோடு இருக்க, கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் விசை மட்டும் போதாமல் போய்விடும். கம்பியின்மேல் அழுத்தப்பட்ட சிறிய உலோகக் குமிழ் ஒன்று, ரப்பர் உறையின் வாயருகே இருக்கும். உறைக்கும் குமிழுக்கும் இடையே 1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. பெடலை முழுவதும் அழுத்தி அளப்பதா, விட்டு அளப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறுவதால் உங்கள் எஞ்சினுக்குரிய கையேட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டு கொரோலாவில், வேறொரு வேலைக்காகத் திரொட்டில் பொடியைக் கழற்றிய கராஜ் ஒன்று கேபிளைத் தொய்வாகவே மாட்டிவிட்டிருந்தது. இரண்டு நட்டுகளைத் திருப்பியதோடு வழுக்கல் நின்றது.

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விவரத்தில் முக்கியமானது, மற்ற கியர்கள் ஒழுங்காக விழ, மூன்றாம் கியர் மட்டும் வழுக்குவது. இந்தக் கியர்பொக்ஸில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது புதிதாகப் பிடிப்பது டைரக்ட் கிளட்ச். பின்னால் எடுக்கும் ரிவர்ஸ் கியருக்கும் அதே கிளட்ச்தான் வேண்டும். ஆகவே, கியர்பொக்ஸைத் திறக்காமலே அதைச் சோதிக்கலாம். சூடான காரில், எஞ்சின் ஐட்லிங்கில் இருக்க, பிரேக்கை அழுத்திக்கொண்டு, நியூட்ரலான என் (N) நிலையிலிருந்து டி-க்கு (D) மாற்றி, கார் இலேசாக அதிர்ந்து கியர் பிடிக்கும்வரை ஆகும் நேரத்தைக் கைபேசியின் ஸ்டொப்வொட்சில் அளவிடுங்கள்; 1.2 விநாடிக்குள் பிடிக்க வேண்டும். என்-இலிருந்து ரிவர்ஸான ஆர்-க்கு (R) 1.5 விநாடிக்குள் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு, மும்முறை அளந்து சராசரி எடுங்கள். டி விரைவாகப் பிடித்து ஆர் மட்டும் தாமதித்தால், பழுது டைரக்ட் கிளட்சிலோ, கியர்பொக்ஸுக்குள்ளேயே இருந்து ரிவர்ஸுக்கு உதவும் பிரேக் ஒன்றிலோ இருக்கிறது. இறக்கமான பாதையில் எல் நிலையில் எஞ்சின் பிரேக் நன்றாகக் கிடைக்குமானால் அந்தப் பிரேக் நலமாயிருக்கிறது. மிஞ்சுவது டைரக்ட் கிளட்ச்தான். ஆறியிருக்கும்போது சரியாகவும் சூட்டில் மோசமாகவும் இருப்பதற்கு, கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல் காய்ந்து விறைத்திருப்பது ஒரு பொதுவான காரணம்: ஒயில் இளகியதும் அதன் ஓரமாகக் கசிந்துவிடுகிறது.

மின்பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டாஷ்போர்டிலுள்ள ஓ/டி ஓஃப் (O/D OFF) விளக்கு தானாகச் சிமிட்டினால் கணினி ஒரு பழுதைப் பதிவு செய்திருக்கிறது. பழுது அறியும் சோதனைப் பெட்டியில் டிஈ1 (TE1), ஈ1 (E1) முனைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியை ஓன் செய்தால், அதே விளக்கு பழுதின் குறியீட்டு எண்ணைச் சிமிட்டிக் காட்டும்: 42 வேக உணரி, 62 முதலாம் சொலினொயிட் (கியர் மாற ஒயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு), 63 இரண்டாவது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுவது முதலாம் சொலினொயிட் என்பதால் 62 வந்தால், கிளட்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதன் தடையை அளக்கச் சொல்லுங்கள். 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கிளட்ச்தான் என்று உறுதியானால், முதலில் அடிப்பகுதியிலுள்ள ஒயில் தட்டை (ஒயில் பான்) மட்டும் கழற்றச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல் படிந்திருப்பது வழக்கமான தேய்வு. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் சீவல்கள் பெயரிங், கியர், தட்டுகளின் தேய்வையும், ஒட்டாத பித்தளைத் துகள்கள் புஷ்களின் தேய்வையும் காட்டும். அவை நிறைய இருந்தால் சீலையும் கிளட்சையும் மட்டும் மாற்றுவது வீண் செலவு; ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றைப் போடுவதே நல்லது. எதைப் போட்டாலும், பூட்டுவதற்கு முன் ரேடியேட்டர் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய கிளட்சின் துகள்கள் அங்கேதான் தங்கியிருக்கும். கழுவாமல் விட்டால் முதல் ஓட்டத்திலேயே அவை புதிய கியர்பொக்ஸுக்குள் போய்விடும்.