மைக்கேல் லௌட்ரப்பின் ஆட்ட வாழ்க்கை: கேள்விகளும் பதில்களும்

டென்மார்க் கால்பந்தை எண்பதுகளிலிருந்தே விடாமல் பின்தொடர்ந்து வருபவன் என்ற முறையில், மைக்கேல் லௌட்ரப்பைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். அவர் எத்தனை கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார் என்று இணையத்தில் உலவும் எண்களை நம்பி வாதிடாதீர்கள். அந்தக் கணக்கை இன்று வைத்திருப்பது போல அன்று யாரும் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. பிற்காலத்தில் ஆளுக்கொரு விதமாகத் தொகுத்தவையே அவை.

கேள்வி: அவருடைய தொடக்க காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1964 ஜூன் 15 அன்று கோபன்ஹேகனை ஒட்டிய ஃபிரெடரிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். தந்தை ஃபின் லௌட்ரப்பும் டென்மார்க்குக்காக ஆடியவர். 1982இல் பிரோண்ட்பி கழகம் முதன்முறையாக உயர்நிலைப் பிரிவில் ஆடியபோது மைக்கேல் 15 கோல்கள் அடித்து, அவ்வாண்டின் சிறந்த டேனிஷ் ஆட்டக்காரராகத் தேர்வானார். தமது பதினெட்டாவது பிறந்தநாளன்றே நார்வேக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமாகி, அந்த ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார்.

கேள்வி: யுவென்டஸ் வாங்கிய ஆட்டக்காரர் ஏன் இரண்டு ஆண்டுகள் லாசியோவில் ஆடினார்? திறமை போதவில்லையா?

பதில்: திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றைய இத்தாலியில் ஒரு கழகம் இரண்டு வெளிநாட்டவரை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். 1983இல் யுவென்டஸில் அந்த இரண்டு இடங்களிலும் பிரான்சின் பிளாட்டினியும் போலந்தின் போனியெக்கும் இருந்தார்கள். ஆகவே லாசியோவுக்குக் கடனாக அனுப்பப்பட்டார். அங்கே தள்ளாடும் அணி ஒன்றில் ஆடி, 1985இல் அது கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதையும் பார்த்தார். அதே ஆண்டு போனியெக் ரோமாவுக்குப் போன பிறகுதான் யுவென்டஸில் லௌட்ரப்புக்கு இடம் கிடைத்தது. வந்த சில மாதங்களிலேயே, டோக்கியோவில் நடந்த கண்டங்களுக்கிடையிலான கோப்பை ஆட்டத்தில், அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்கு எதிராக அணி பின்தங்கியிருந்த நேரத்தில், கோல்காப்பாளரைச் சுற்றிக் கடந்து, இறுதிக் கோட்டை ஒட்டிய மிகக் குறுகிய கோணத்திலிருந்து சமநிலைக் கோலை அடித்தார். பெனால்டிகளில் யுவென்டஸ் வென்றது. அந்தப் பருவத்தின் இத்தாலியப் பட்டமும் அவர்களுக்கே.

லௌட்ரப்பின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த வெளிநாட்டவர் வரம்பைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு முன்னால் அதே வரம்பு இன்னொரு டேனிஷ்காரரையும் தாக்கியது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது பெற்ற ஆலன் சைமன்சன், 1982இல் மரடோனா பார்சிலோனாவுக்கு வந்ததும் இடமிழந்து, இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவிலிருந்த சார்ல்டனுக்குப் போக நேர்ந்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த பொஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தடை நீங்கியது. அப்போது லௌட்ரப்புக்கு வயது 31.

கேள்வி: 1992இல் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவர் எங்கே இருந்தார்?

பதில்: அணியில் இல்லை. பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சனின் ஆட்டமுறை பிடிக்காமல், 1990 நவம்பரில் யூகோஸ்லாவியாவிடம் சொந்த மண்ணில் 0–2 எனத் தோற்றதை அடுத்து, மைக்கேலும் தம்பி பிரையனும் தேசிய அணியிலிருந்து விலகினார்கள். பிரையன் திரும்பி வந்தார், மைக்கேல் வரவில்லை.

கேள்வி: கோப்பையை வென்றவர் மைக்கேலா, பிரையனா?

பதில்: பிரையன்.

கேள்வி: கடற்கரையில் விடுமுறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுத்தானே டென்மார்க் கோப்பையை வென்றது? மைக்கேல் விடுமுறையை விட மனமில்லாமல் மறுத்துவிட்டார் என்றும் படித்தேன்.

பதில்: இந்தக் கடற்கரைக் கதையை எத்தனை முறை மறுத்தாலும் மறுபடியும் முளைக்கிறது, எனவே நாள்களோடு சொல்கிறேன். யூகோஸ்லாவியாவின் மீது ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தடை விதித்தது மே 30. அதன் விளைவாக அந்த அணி நீக்கப்பட்டு, தகுதிச் சுற்றில் அதற்கு ஒரே ஒரு புள்ளி பின்னால் இருந்த டென்மார்க் அழைக்கப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் சோவியத் சிதைவுக்குப் பின் உருவான கூட்டமைப்பு அணியுடன் டென்மார்க் ஏற்கெனவே ஒரு நட்பு ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மைக்கேலைப் பொறுத்தவரை விடுமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. மே 20 அன்று வெம்பிளியில் சாம்ப்டோரியாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய பார்சிலோனா, ஜூன் 7 வரை ஸ்பெயின் பட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தது. கடைசி நாளில்தான் அது அவர்கள் கைக்கு வந்தது. டென்மார்க்கின் முதல் ஆட்டமோ ஜூன் 11.

கேள்வி: அதே நண்பர்தான். நாள்கள் சரி, ஆனால் பிடிவாதத்தால் நாட்டுக்கு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்பது உண்மைதானே? அவர் இல்லாமலே வென்றார்கள் என்றால், பயிற்சியாளர் சொன்னதே சரி என்றாகிறது அல்லவா?

பதில்: முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்து எழுதும் தீர்ப்பு இது. அணி வென்றது, அந்த வெற்றியில் கீப்பர் ஷ்மைக்கேலின் கைகளும், இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக யென்சனும் வில்ஃபோர்ட்டும் அடித்த கோல்களும் இருக்கின்றன. அவர்களுக்குரிய பெருமையில் ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் 1990இல் லௌட்ரப் எழுப்பிய கேள்வி, பந்தை வைத்து ஆட விரும்பும் ஒருவரை எதிரணியின் பிழைக்குக் காத்திருக்கும் அணியில் எதற்காக நிறுத்துகிறீர்கள் என்பது. ஒரு கோப்பை அந்தக் கேள்வியை அழித்துவிடாது. மோலர் நீல்சனும் தம் அணிக்கு ஏற்றது எது என்பதில் சரியாகவே இருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதை ஏற்காமல், யாரையாவது குற்றவாளியாக்கியே தீர வேண்டுமென்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. 1993இல் இருவரும் சமரசமாகி, அதே பயிற்சியாளரின் கீழ் 1995 ஜனவரியில் ரியாத்தில் அர்ஜென்டினாவை 2–0 என்று வென்று கிங் ஃபகது கோப்பையைப் பெற்றார்கள். முதல் கோலைப் பெனால்டியில் அடித்தவர் லௌட்ரப். இந்தக் கோப்பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: 1992 அணியில் அவர் ஏன் இல்லை?

பதில்: மேலே விரிவாக எழுதியிருக்கிறேன், அருள்கூர்ந்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனது துரோகம் இல்லையா?

பதில்: 1993இல் ரொமாரியோ வந்ததும் பார்சிலோனாவில் கோமான், ஸ்டோய்ச்கோவ், லௌட்ரப் ஆகியோருடன் வெளிநாட்டவர் நால்வரானார்கள், களமிறங்கக்கூடியவர்களோ மூவர். 1994 மே 18 அன்று ஏதென்ஸில் மிலனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் கிரைஃப் விட்டுவிட்ட நான்காமவர் லௌட்ரப். பார்சிலோனா 0–4 எனத் தோற்றது. ஒப்பந்தம் முடிந்த ஒருவர், தமக்கு இடம் தரும் கழகத்தைத் தேடிப் போவதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1994 ஜனவரியில் ரியலை 5–0 என வென்ற பார்சிலோனாவிலும், சரியாக ஓராண்டு கழித்துப் பார்சிலோனாவை 5–0 என வென்ற ரியலிலும் அவர் இருந்தார். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து ஸ்பெயின் பட்டங்கள்: நான்கு பார்சிலோனாவில், ஒன்று ரியலில்.

கேள்வி: பார்க்காமலே பந்து கொடுப்பாராமே, அது எப்படி?

பதில்: தலை இடப்பக்கம் திரும்பியிருக்கும், தோளும் அங்கேயே பார்க்கும், காப்பாட்டக்காரர் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைப்பார். அந்த ஓர் அடியில் திறக்கும் இடைவெளி வழியாகப் பந்து வலப்பக்கம் போய்விடும். கால் வீசப்படுவதே தெரியாது, கணுக்கால் மட்டும் அசையும். பந்து வருவதற்கு முன்பே களத்தைப் பார்த்து முடித்திருப்பதுதான் அடிப்படை. பாதத்தின் உட்பக்கத்தால் பந்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தட்டி இருவருக்கிடையே புகுந்து போகும் குரோக்கெட்டாவும் அவர் புகழ்பெறச் செய்ததே. பின்னாளில் பார்சிலோனாவின் இனியெஸ்டாவின் காலில் நீங்கள் பார்த்தது அதுதான்.

கேள்வி: மொத்தம் எத்தனை கோல்களுக்குப் பந்து கொடுத்தார்?

பதில்: இதைப் பற்றித்தான் முதல் பத்தியிலேயே எச்சரித்தேன். நாட்டுக்காக 104 ஆட்டங்கள், 37 கோல்கள் என்பது உறுதியான கணக்கு. அதைக் கொண்டு பேசுங்கள்.

கேள்வி: ஸ்வான்சி கழகத்தில் அவர் பயிற்சியாளராக எப்படி?

பதில்: 2013இல் இங்கிலாந்து லீக் கோப்பையின் இறுதியில் பிராட்ஃபர்டை 5–0 என வென்றார்கள். பயிற்சியாளர் வாழ்க்கையை நான் அவ்வளவு நெருக்கமாகப் பின்தொடரவில்லை. அதை நன்கு அறிந்தவர்களிடம் கேட்பதே நல்லது.

கேள்வி: அவருடைய ஆட்டத்தை ஒரு முறையாவது முழுதாகப் பார்க்க விரும்புகிறேன். எதைப் பார்க்கலாம்?

பதில்: 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் நெசாவல்கோயோட்டில் டென்மார்க் உருகுவேயை 6–1 என வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். சக ஆட்டக்காரர் எல்க்யேர் மூன்று கோல் அடித்த நாள் அது. ஆனால் நீங்கள் லௌட்ரப் அடித்த கோலுக்காகக் காத்திருங்கள். பந்து காலிலேயே ஒட்டியிருக்க, காப்பாட்டக்காரர்களுக்கு நடுவே நுழைந்து, முன்னால் பாய்ந்த கோல்காப்பாளரையும் ஒதுக்கிவிட்டு, காலியான வலைக்குள் பந்தைத் தள்ளுவார். அன்று அவருக்கு இருபத்திரண்டு வயது நிறைய இன்னும் ஒரு வாரம் இருந்தது.